ஜெபத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள்

பாப்பாவை ஆலயத்து மழலையர் பள்ளியில் சேர்த்திருக்கிறோம் என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அங்கே ஜெபம் பண்ணச் சொல்வாங்களாமே?" வத்தலக்குண்டிலிருந்து என் அம்மா போன் போட்டுக் கேட்டார். பூம்பாறையிலிருந்து அத்தையின் தங்கை கேட்டார். கடைக்கு உரம் வாங்க வருகிறவர்கள்கூட என் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆகஸ்ட் மாதக் காய்ச்சலைத் தவிர்த்திருக்கலாம்.

கொடைக்கானலில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இடம் தேடி அலைகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். பள்ளியின் பெயர், சபையின் பெயர், தெரு எதையும் சொல்லப் போவதில்லை. அவர்கள்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. தவிர, நான் சொல்லப் போகிற குறைகள் எந்தச் சின்னப் பள்ளியிலும் இருக்கக்கூடியவைதான்.

எங்கள் வீடு நாயுடுபுரம் பக்கம், சரிவில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு உரக்கடை. காலையில் கடைக் கணக்கு என் பொறுப்பு. அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருக்கிறார். பக்கத்து மலைக் கிராமமான பூம்பாறையில் பிறந்தவர். அந்த ஊர் முருகனான குழந்தை வேலப்பரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூண்டு விதைகூட எடுக்க மாட்டார்கள் அவர்கள் வீட்டில். பாப்பா பிறந்தது 2019 ஏப்ரலில். அவளுக்கு 11 மாதம் ஆனபோது ஊரடங்கு வந்தது. அப்புறம் இரண்டு வருடம் அவள் பார்த்த முகங்கள் மொத்தம் ஆறோ ஏழோதான். வேறு பிள்ளைகளைக் கண்டால் என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். அதனால் 2022 ஜூனில் எங்கேயாவது சேர்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். படிப்பதற்காக இல்லை, மற்ற பிள்ளைகளோடு பழகுவதற்காக.

முதலில் அங்கன்வாடியைப் பார்த்தோம். பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது தப்பு. 1975இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வருவது அது. சாப்பாடு உண்டு, முட்டை உண்டு, எடை பார்த்துக் குறித்து வைப்பார்கள், காசு கிடையாது. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளையும் ஆரம்பித்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த மையத்துக்குச் செங்குத்தான படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டும். மழை பெய்தால் படியெல்லாம் பாசி. கொண்டுபோய் விடப் போவது அத்தை, அவருக்கு முழங்கால் வலி. அந்தப் படிக்காகத்தான் விட்டோம். அங்கே இருந்த அக்கா பிள்ளைகளிடம் பேசிய விதம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு பொறுமை.

அடுத்தது ஒரு பெரிய பள்ளி. டை, ஷூ, வேன் எல்லாம் உண்டு. வேனில் முக்கால் மணி நேரம் என்றார்கள். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்து போவோம், வண்டியில் உட்காரும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். தொடர் விடுமுறை வருகிறது என்றால் வெள்ளிக்கிழமை மதியமே ஏழு ரோடு சந்திப்பில் வண்டி நகராது. வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளையை அதில் ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதுதான் ஆலயத்து ஹால். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. 34 பிள்ளைகள், இரண்டு மிஸ், ஒரு ஆயாம்மா. காலை 9.30 முதல் 12.30 வரை. தகரக் கூரை, உயரமான ஜன்னல்கள், சுவர் ஓரமாக அடுக்கிய மடக்கு நாற்காலிகள். வாசல் பலகையில் 'மாண்டிசோரி முறை' என்று எழுதியிருந்தது.

அந்த வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்கு அது தூரத்து வார்த்தை இல்லை. பிள்ளைகள் பொருட்களைத் தொட்டு, செய்து பார்த்துத் தாங்களாகவே கற்கும் அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த வருடமே இத்தாலி போரில் இறங்கியதால், இத்தாலியரான அவரை ஆங்கிலேய அரசு நினைத்தபடி நடமாட விடவில்லை. போர் நடந்த அந்த வருடங்களில் கொஞ்ச காலம் அவர் இங்கே கொடைக்கானலில் மகன் மரியோவோடு தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். செடி, பூச்சி, கல், தண்ணீர் என்று கண்முன் இருப்பதை வைத்தே கற்றுக்கொடுக்கும் முறை இந்த மலையில்தான் அவர் கையில் வளர்ந்தது. மிஷனரிகள் கதை அதற்கும் பழையது. மதுரையில் 1834இல் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன்காரர்கள், கீழே காய்ச்சலிலும் காலராவிலும் குடும்பங்களைப் பறிகொடுத்து, 1845இல் இங்கே வந்து வீடு கட்டினார்கள். ஊர் என்று ஒன்று உருவானதே அப்புறம்தான். அதனால் கொடைக்கானலில் ஒரு ஆலயமும் அதையொட்டி ஒரு பள்ளியும் இருப்பதில் யாருக்கும் அதிசயமில்லை. பலகையில் எழுதியிருப்பது உள்ளே நடக்கிறதா என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சேர்க்கை சுலபமாக முடிந்தது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோ. வருடத்துக்கு 12,000 ரூபாய், இரண்டு தவணை. பக்கத்து வீட்டு அக்கா தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம் தன் பையனுக்குக் கிடைக்குமா என்று என்னோடு வந்து கேட்டார். கிடைக்காது என்றார்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அக்கா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். விசாரித்ததில் அவர்கள் சொன்னது சரிதான். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த ஒதுக்கீடு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவச இடத்தை நம்பி இருப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஒரு மாத அலைச்சல் மிச்சம். ஆனால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அக்கா போதகர் ஐயாவை நேரில் பார்த்துக் கேட்டார், பாதியாகக் குறைத்தார்கள். சபைக்காரர்கள் சிலர் இதற்கென்றே பணம் கொடுத்து வைத்திருப்பார்களாம். அது எந்த அறிவிப்பிலும் இருக்காது, கேட்டால்தான் தெரியும்.

முதல் மூன்று வாரம் அழுகைதான். எல்லாப் பிள்ளைகளும் ஊரடங்கில் வளர்ந்தவர்கள், ஒன்று ஆரம்பித்தால் 34ம் சேர்ந்துகொள்ளும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தானாக நின்றது. சீருடை மட்டும் மூன்று செட் எடுங்கள். அக்டோபர், நவம்பரில் இங்கே துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. இரண்டு செட்டோடு சமாளிக்கலாம் என்று நினைத்த நான், காலை ஆறு மணிக்கு அடுப்புக்கு மேலே சின்ன பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். குல்லாவில் பெயரைத் தைத்துவிடுங்கள். 34 குல்லாவில் 20 ஒரே பச்சை நிறமாக இருக்கும்.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன்.

சேர்ந்து பத்தே நாளில் பாப்பா சாப்பிடும் முன் கண்ணை மூடிக் கையைக் கூப்பி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். கடைசியில் வரும் 'ஆமென்' மட்டும் சத்தமாக வரும். கண்ணை மூடாமல் சாப்பிட ஆரம்பித்த அப்பாவைத் திட்டினாள். வீட்டுக்காரர் முகம் மாறியது. அத்தை மட்டும் அமைதியாக, "என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினார். மிஸ் எழுதியே கொடுத்தார். நான்கு வரி. சாப்பாட்டுக்கு நன்றி, சமைத்தவர்களை ஆசீர்வதியும், சாப்பாடு இல்லாதவர்களுக்கும் கொடும். அத்தை அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "சமைச்சவங்களச் சொல்லுதுல்ல. இந்த வீட்டுல இத்தன வருஷமா எவன் சொன்னான்" என்று எழுந்து போய்விட்டார். வீட்டுக்காரர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனாலும் நான் மிஸ்ஸிடம் நேரடியாகக் கேட்டேன். பின்னால் புலம்புவதைவிட அது நல்லது. காலையில் ஒரு பாட்டு, சாப்பிடும் முன் ஜெபம், வெள்ளிக்கிழமை ஒரு வேதாகமக் கதை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா, இவ்வளவுதான் என்றார். வேண்டாமென்றால் அந்த நேரம் ஆயாம்மாவோடு தனியாக உட்கார வைக்கிறோம் என்றும் சொன்னார். அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு இதைத்தான் சொல்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனத்தில் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயமாகப் பங்கெடுக்கச் சொல்ல முடியாது, சின்னப் பிள்ளை என்றால் பெற்றவர்களின் சம்மதம் வேண்டும். மறுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆனால் 33 பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது என் பிள்ளை மட்டும் வராண்டாக் குளிரில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பாடட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு குடும்பம் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அதிலும் தப்பில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

கதைகள் வீட்டுக்கு வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை யோனாவை மீன் விழுங்கிய கதையோடு வந்தாள். அத்தை சும்மா விடுவாரா, ஞானப்பழக் கதையை எடுத்தார். மயிலேறி உலகத்தைச் சுற்றி வந்து, கோபித்துக்கொண்டு, இதோ நம் மலைக்கு அந்தப் பக்கம் பழனியில் போய் நின்றது வரை சொன்னார். பாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மயிலை விட மீனுதான் பெரிசு அப்பத்தா" என்றாள். அத்தைக்கு இரண்டு நாள் பொறுக்கவில்லை.

கொஞ்சம் சிக்கலாகப் போனது திருநீறு விஷயம்தான். காலையில் அத்தை பூசி அனுப்புவார். மதியம் நெற்றி பளிச்சென்று வரும். "யார் அழிச்சா?" என்றால், "ஆயாம்மா துடைச்சிட்டாங்க." மூன்று நாள் தொடர்ந்து இதே கதை. வீட்டுக்காரர் கொதித்தார், நாளைக்கே போதகரைப் பார்க்கிறேன் என்றார். கடையில் யாரோ இரண்டு பேர் கூட வருவதாக வேறு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, 12 மணிக்கே போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

பிள்ளைகள் தின்பண்டம் தின்று முடித்தார்கள். ஆயாம்மா ஒரு வாளி வெந்நீரும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார். துண்டை நனைத்தார், பிழிந்தார், முதல் பிள்ளையின் வாய், மூக்கு, நெற்றி எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் துடைத்தார். அடுத்த பிள்ளை. அதற்கடுத்த பிள்ளை. சிலுவை போட்ட சங்கிலி மாட்டிய பிள்ளைக்கும் அதே துடைப்பு, தொப்பி போட்ட பாய் வீட்டுப் பையனுக்கும் அதே துடைப்பு. மதமெல்லாம் அங்கே ஒன்றுமில்லை. 34 முகத்துக்கும் ஒரே துண்டு, அதுதான் இருந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாப்பாவுக்குப் போன மாதம் ஏன் கண்வலி வந்தது, தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஏன் சேர்ந்தே வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மறுநாள் பெயர் தைத்த கைக்குட்டை இரண்டோடு பாப்பாவை அனுப்பினேன். மிஸ்ஸிடம் சொல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே ஆயிற்று. திருநீறு மதியம் வரை இருந்ததா என்று யாரும் பிறகு பார்க்கவே இல்லை. வீட்டுக்காரர் அந்த இரண்டு பேரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, நான் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் புத்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. நான் சொன்ன ஆகஸ்ட் காய்ச்சல் இதற்கு முன்பே முடிந்திருந்தது. பாப்பாவுக்கு 102 டிகிரி. சளி இல்லை, இருமல் இல்லை. மலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 'குளிர் பிடிச்சிருக்கு' என்பதுதான் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும். கசாயம் வைத்தோம், பாராசிட்டமால் கொடுத்தோம். மூன்றாவது நாளும் இறங்காததால் டாக்டரிடம் போனோம். அவர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், ஒன்றுமில்லை. "ஒண்ணுக்குப் போகும்போது அழுவுதா?" என்று கேட்டார். யோசித்தால், ஆமாம். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று என்று வந்தது. சளியோ இருமலோ இல்லாமல் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், அதிலும் பெண் பிள்ளையென்றால், சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றார். மூன்று நாள் கசாயத்தில் கழித்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஸ்கூல்ல பாத்ரூம் போவியா பாப்பா?" என்று அவர்தான் கேட்டார். பாப்பா தலையை ஆட்டினாள், இல்லை என்று. காலை 9 மணிக்கு வீட்டில் போகிறவள், மதியம் வீட்டுக்கு வந்துதான் போயிருக்கிறாள். இரண்டு மாதமாக. தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வந்ததை நான் பார்த்தேன், குளிருக்குக் குடிக்கவில்லை என்று நினைத்தேன். அவள் போக வேண்டி வரும் என்று பயந்து குடிக்காமல் இருந்திருக்கிறாள்.

காய்ச்சல் விட்டதும் போய்ப் பார்த்தேன். கக்கூஸ் ஹாலின் பின்பக்கம், வெளியே, ஐந்து படி இறங்கி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும் பெரியவர்களுக்காகக் கட்டியது. பெரிய பீங்கான், இரண்டு பக்கமும் கால் வைக்கப் பிள்ளைக்கு எட்டாது. விளக்கு எரியவில்லை. குழாயில் வருவது 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊரின் தண்ணீர், கையில் பட்டாலே வலிக்கும். கதவு தானாகச் சாத்திக்கொண்டால் உள்ளே கும்மிருட்டு. மூன்று வயதில் நானும்தான் போயிருக்க மாட்டேன். மிஸ்ஸிடம் கேட்டதற்கு, "பாப்பா கேட்கவே இல்லையேம்மா" என்றார். உண்மைதான், கேட்கவில்லை. கேட்காத பிள்ளையைக் கூட்டிப் போக ஆள் இல்லை. இருக்கும் ஒரு ஆயாம்மா 10.30க்குப் பால் காய்ச்சுவார், வாசலையும் பார்த்துக்கொள்வார்.

சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், கக்கூஸ் அப்படியே இருந்திருக்கும். நான் வேறு மாதிரி செய்தேன். ஐந்து அம்மாக்களிடம், உங்கள் பிள்ளை அங்கே போகிறதா என்று மட்டும் வீட்டில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நான்கு பேருக்கு இல்லை என்றே பதில் வந்தது. அந்த ஐந்து பேரோடு போதகர் ஐயாவின் வீட்டம்மாவைப் போய்ப் பார்த்தோம். சபை நடத்தும் பள்ளியில் இது முக்கியம், யாரிடம் சொன்னால் நடக்கும் என்று தெரிய வேண்டும். மிஸ்ஸுக்குப் பணம் செலவு பண்ண அதிகாரம் இல்லை. கமிட்டி கூடி முடிவெடுக்க இரண்டு மாதம் ஆகும். போதகர் வீட்டம்மாவோ அன்று சாயங்காலமே ஒரு மரப் பெட்டியைத் தச்சரிடம் சொல்லிப் படியாக அடிக்கச் சொன்னார். பல்பு மாட்டியாயிற்று. பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கை இரண்டை நாங்கள் ஆறு பேரும் காசு போட்டு மதுரையிலிருந்து வரவழைத்தோம். கழுவுவதற்கு ஒரு கேனில் வெந்நீர். 10.15க்கும் 11.45க்கும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகக் கூட்டிப் போவது என்று ஆயிற்று. செலவு மொத்தம் 3,000 ரூபாய்கூட ஆகவில்லை.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் பொம்மையையும் சுவர்ப் படத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பிள்ளையைக் கூட்டிப்போய் அந்தக் கக்கூஸில் ஒருமுறை உட்கார வையுங்கள். அங்கேயே தெரிந்துவிடும்.

டிசம்பரில் இன்னொன்று. பனி கடுமையாக இருந்த ஒரு வாரத்தில், ஹாலின் நடுவில் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கனல வைத்திருந்தார்கள். பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள் என்று ஆயாம்மாதான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார், பாவம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான் தெரியும். அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி எழுந்திருக்காமல் போனவர்கள் செய்தியை இந்த ஊரில் படிக்காதவர் கிடையாது. ஆனால் அது சுற்றுலா வந்தவர்களுக்கு நடப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த முறை நான் யாரையும் சேர்க்கவில்லை. உள்ளே போய்ச் சட்டியை நானே தூக்கிக்கொண்டு வெளியே வைத்தேன். ஆயாம்மாவுக்கு முகம் சுருங்கியது. அவரிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது, பேசினேன். அப்புறம் கனமான ஜமுக்காளம் விரித்து, வெயில் வரும் பக்கம் உட்கார வைத்தார்கள்.

அன்றைக்கே இன்னொரு கதவையும் பார்த்தேன். ஹாலுக்கு இரண்டு வாசல், பின் வாசல் முன்னால் பொருட்கள் வைக்கும் இரும்பு பீரோ. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களைப் பார்த்த தலைமுறை நாங்கள். இது தகரக் கூரைதான், இருந்தாலும் பீரோ நகர்ந்தே ஆக வேண்டும் என்றேன். அதில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். மாண்டிசோரி முறை என்று போட்ட இடத்தில் ஜனவரி முதல் நோட்டுப் புத்தகம் வந்தது. தினம் இரண்டு பக்கம் 'அ', இரண்டு பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்து. பாப்பாவுக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தித் தாளைக் கிழிப்பாள், அழுவாள். வீட்டிலும் சண்டை. காய்ச்சல் பார்த்த அதே டாக்டரிடம் தடுப்பூசிக்குப் போனபோது இதையும் சொன்னேன். அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூன்று வயதில் பிள்ளை பார்த்து வரையக்கூடியது வட்டம். நான்கு வயதில் கூட்டல் குறி. சதுரம் அதற்கும் அப்புறம். முக்கோணம் ஐந்து வயதில். இப்போது நம் 'அ'வைப் பாருங்கள். ஒரு சுழி, சுழியிலிருந்து ஒரு வளைவு, குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் நிமிர்ந்த இன்னொரு கோடு. முக்கோணமே வராத கைக்கு முதல் எழுத்தாக இதைக் கொடுக்கிறோம். அகர முதல என்றார் வள்ளுவர், எழுதுவதை அதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லவில்லை.

மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு இந்த விஷயத்தில் பெரிய பாடம். "எங்களுக்குத் தெரியாதாம்மா? நோட்டு எழுத வைக்கலைன்னா அம்மா அப்பாதான் வந்து என்ன சொல்லிக் கொடுக்கிறீங்கன்னு கேட்கிறாங்க. போன வருஷம் அஞ்சு பிள்ளைங்கள அதுக்காகவே நிறுத்திட்டுப் போனாங்க." சபைப் பள்ளிக்கு ஐந்து பிள்ளைகளின் கட்டணம் என்பது ஒரு மிஸ்ஸின் பல மாதச் சம்பளம். அந்தச் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் கடையில் மூட்டை இறக்கும் தம்பிக்கு அதைவிட அதிகம். பாப்பாவுக்கு மட்டும் நோட்டு வேண்டாம், பாசிமணி கோப்பதும் மண் பிசைவதும் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். மிஸ் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பீரோவுக்குள் பூட்டிக் கிடந்த மரக் கட்டைகளும் உருளைகளும் அதற்கப்புறம் கொஞ்சம் வெளியே வந்தன. 'ட'வும் 'ப'வும் மணலில் விரலால் எழுதினாள். 'அ' ஐந்தாவது வயதில் ஒரு வாரத்தில் வந்தது.

சபைப் பள்ளியில் மட்டுமே வரும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஹால் அவர்களுடையது, பள்ளி அதில் ஒண்டிக் குடியிருக்கிறது. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பீரோவில் அடைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல் நடக்கும். சபையில் கல்யாணம் என்றால் முந்தின நாளே விடுமுறை. துக்க மணி அடித்தால் பத்து மணிக்கே போன் வரும், வந்து கூட்டிப் போங்கள் என்று. வேலைக்குப் போகிற அப்பா அம்மா இதற்கு ஒரு மாற்று ஆளை வைத்துக்கொள்ளாமல் இங்கே சேர்க்க வேண்டாம். எங்களுக்கு அத்தை இருந்தார். அதே மாதிரி போதகர்கள் மாறுவார்கள். எங்கள் இரண்டாவது வருடத்தில் அந்தப் போதகர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், தச்சரைக் கூப்பிட்ட அந்த அம்மாவும் போய்விட்டார். புதிதாக வந்தவர் தேர்வு, ரேங்க் என்றார். நாங்கள் பழைய ஆறு பேர் மறுபடி போய் நிற்க வேண்டியிருந்தது. வாய்ப்பேச்சாக ஒத்துக்கொண்டது எதுவும் ஆள் மாறினால் நிற்காது. வெந்நீர், கக்கூஸ் நேரம், கைக்குட்டை எல்லாவற்றையும் மிஸ்ஸே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததால் அது மட்டும் தப்பித்தது.

அறுப்பின் பண்டிகைக்கு எல்லா வீட்டையும் கூப்பிடுவார்கள், போங்கள். விளைந்தது எதையாவது கொண்டுபோய்க் கொடுக்கலாம், அப்புறம் அதையே ஏலம் விடுவார்கள். அத்தை பூம்பாறைப் பூண்டு ஒரு கட்டு கொடுத்தார். அது ஏலத்தில் 600 ரூபாய்க்குப் போனது. சும்மா வேடிக்கை பார்க்கப் போன வீட்டுக்காரர், யாரோ மேலே மேலே கேட்ட வேகத்தில் ஒரு முட்டைக்கோஸை 450 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் அதே காய் விளைந்த தோட்டத்துக்கு உரம் கொடுத்ததே அவர்தான். இதை அத்தை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

பாப்பா இப்போது வேறு பள்ளியில் இருக்கிறாள். சாப்பிடும் முன் கண்ணை மூடுவது ஒன்றாம் வகுப்பில் தானாக நின்றுபோனது. சின்னவனுக்கு அடுத்த ஜூனில் மூன்று முடிகிறது. அதே ஹாலுக்கு விண்ணப்பம் வாங்க அத்தையும் நானும் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். ஆலய வாசலில் காட்டுமாடு ஒன்று குறுக்கே நின்றது. இந்த ஊரில் அது நகரும் வரை நாம்தான் நிற்க வேண்டும். அரை மணி நேரம் எதிர்க்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மாடு சரிவில் இறங்கியதும் நான் விண்ணப்பம் கொடுக்கும் அறைப் பக்கம் திரும்பினேன். அத்தை சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ஹாலின் பின்பக்கம் போனார்.